மூணு மாசக் கணக்கு

இந்தப் பக்கத்தில் சினிமாவை விமர்சித்திருக்கிறேன், பட்ஜெட்டை விமர்சித்திருக்கிறேன், கல்யாணப் பந்தியில் ஊற்றிய சாம்பாரைக்கூட விட்டுவைத்ததில்லை. இந்த வாரம் கையில் எடுத்திருப்பது ஒரு நோட்டீஸ்.

போன வருஷம் ஆடியில் ஒரு விசேஷத்துக்காக அருப்புக்கோட்டை போயிருந்தேன். அண்ணன் வீட்டில் காபி குடித்துக்கொண்டே பேப்பரை உதறினால், உள்ளேயிருந்து வழவழவென்று ஒரு தாள் விழுந்தது. இடது பக்கம் ஒரு வயிறு; கீழே ‘முன்’. வலது பக்கம் ஒரு வயிறு, கீழே ‘பின்’. இரண்டும் ஒரே ஆளுடையதுதானா என்று சொல்ல முடியாது. கழுத்துக்கு மேலே இரண்டிலும் வெட்டிவிட்டார்கள். அடியில் மூன்றே வரி. ‘தொங்கும் வயிற்றுக்கு விடை கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்களும் செய்துகொள்ளலாம். ஆடித் தள்ளுபடி, சுலபத் தவணை உண்டு.’

முதல் வரி ஆசை. மூன்றாவது வரி வியாபாரம். இரண்டோடும் எனக்குச் சண்டை இல்லை. ஆசை இல்லாத மனுஷனும் கிடையாது, வியாபாரம் இல்லாத ஊரும் கிடையாது. நடு வரிதான் வில்லங்கம். ‘உள்ளவர்களும்’ என்று கடைசியில் ஒரு ‘உம்’ ஒட்டியிருக்கிறதே, அந்த ‘உம்’மைப் பற்றித்தான் இந்த வாரம் பூராவும்.

நான் சிரித்துக்கொண்டே தாளைக் கசக்கப் போனேன். மதினி கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கசங்கலை நீவிவிட்டு, தையல் மெஷின் டிராயரைத் திறந்து உள்ளே வைத்தார். அங்கே அதே நோட்டீஸ் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

என் சிரிப்பு அத்தோடு நின்றது.

மதினிக்கு நாற்பத்தாறு வயது. மூன்று பிள்ளைகள், அதில் இரண்டு சிசேரியன். கடைசிப் பையனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. வயிற்றுத் தோல் மடிந்து தொங்கிப்போய்விட்டது. எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கரிசலும் சீமைக் கருவேலமும்தான், நிழலுக்குப் பஞ்சம். அந்த மடிப்புக்குள் வேர்த்து, அரித்து, புண்ணாகி, சுகர் இருப்பதால் ஆறாமலும் கிடக்கும். இது போதாதென்று, கல்யாண வீட்டில் யாராவது ஒரு கிழவி கேட்டுவிடுவார்: “எத்தனை மாசம் தாயி?” மதினி சிரித்துக்கொண்டே சொல்வாராம்: “பதினாறு வருசமா இதே மாசந்தான் அப்பத்தா.”

கேட்டவர் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போயிருப்பார். சொன்னவர் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். ஊரில் உள்ள பொம்பளைகளுக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவர், தான் கண்ணாடி முன்னால் நின்று சேலை கட்டிப் பல வருஷமாச்சு என்பது எங்கள் ஒருத்தருக்கும் தெரியாது.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. நான் போயிட்டு வந்துட்டேன். அட்வான்ஸும் குடுத்தாச்சு” என்றார். பதினைந்தாயிரம். சீட்டு எடுத்த பணம்.

சுகர் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். “வெறும் வயித்துல 128. ரொம்ப நல்லா இருக்கு, செஞ்சிரலாம்னுட்டாங்க.” எனக்கு ஆச்சரியம். கொஞ்சம் துருவினால் விஷயம் வந்தது. போவதற்கு முன்னால் மூன்று நாள் சோற்றைத் தொடவில்லை. பாகற்காய்ச் சாறும் மோரும்தான். அண்ணனுடைய சுகர் மாத்திரையில் ஒன்றையும் எடுத்துச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் பி.காம். படித்தவன். டாக்டர் இல்லை. ஆனால் இந்த வித்தைக்கு எங்கள் பாடப் புத்தகத்தில் பெயர் உண்டு: விண்டோ டிரெஸ்ஸிங். வருஷம் பூரா கடனில் ஓடுகிற கம்பெனி, மார்ச் 31ஆம் தேதி அன்றைக்கு மட்டும் எங்கேயோ புரட்டி பேங்க்கில் பணத்தைப் போட்டுவைக்கும். ஆடிட்டர் அந்த ஒரு தேதியை மட்டும் பார்த்தால் கம்பெனி அமோகமாக இருக்கிற மாதிரிதான் தெரியும். ஏப்ரல் 2ஆம் தேதி பணம் போன இடம் தெரியாது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை என்பது அந்த ஒரு தேதியின் இருப்பு. அதை மூன்று நாள் பட்டினியில் அலங்காரம் செய்துவிடலாம். நல்ல ஆடிட்டர் பாஸ்புக்கைக் கேட்பார். சர்க்கரைக்குப் பாஸ்புக், ஹெச்.பி.ஏ.1.சி. என்கிற ரத்தப் பரிசோதனை. நம் சிவப்பணு ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் உயிரோடு சுற்றுகிறது. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியதோ, அதற்குத் தகுந்தாற்போல் அதன்மேல் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினது, அந்த அணு சாகும்வரை போகாது. அதனால் இரண்டு மூன்று மாசத்துச் சராசரி அதில் பதிந்துவிடுகிறது. கணக்கு இப்படி: 6 என்றால் சராசரி 126. 7 என்றால் 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. 10 என்றால் 240.

மதினியை வற்புறுத்தி மதுரையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் கேட்டது அந்தப் பாஸ்புக்கைத்தான். ரிசல்ட் வந்தது: 9.8. அதாவது நாளெல்லாம், ராத்திரியெல்லாம், சராசரியாக 235 வாக்கில் ஓடியிருக்கிறது. நோட்டீஸ்காரர்கள் பார்த்த 128, மார்ச் 31.

டாக்டர் தாளைப் பார்த்தார். “இப்ப முடியாதும்மா. சுகரைக் குறைச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மொத்தம் இரண்டு நிமிஷம்.

பஸ்ஸில் மதினி பேசவில்லை. கல்குறிச்சி தாண்டினபிறகுதான் வாயைத் திறந்தார். “தையக்காரிக்கு அழகு ஒரு கேடான்னு நெனச்சிட்டாரு தம்பி. அங்க காசு குடுத்த எடத்துல எவ்வளவு மரியாதையாப் பேசினாங்க தெரியுமா?”

இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. சரியான முடிவைச் சொன்னவர் இரண்டு நிமிஷம் பேசினார். தப்பான முடிவைச் சொன்னவர்கள் ஏசி ரூமில் உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, அரை மணி நேரம் பேசினார்கள். சுகர் பேஷன்ட்டுக்கு ஜூஸ்! ஜனங்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

அந்த டாக்டர் சொல்லாமல் விட்டதை, நாலு டாக்டர் நண்பர்களிடம் கேட்டு, மதினிக்கு நானே சொன்னேன். எங்கள் ஊர் பாஷையில் சொன்னேன்.

எங்கள் ஊர் தறி ஊர். பாவுக்குக் கஞ்சி போடுவது எதுக்கு? நூலுக்குத் தெம்பு கொடுக்க. கஞ்சி அளவு மீறினால் நூல் விறைத்து, தறியில் பட்டுப் பட்டென்று அறும். நம் தோலுக்குப் பாவும் ஊடையுமாக இருப்பது கொலாஜன் என்கிற புரத நூல். காயம் ஆறுவது என்றால் அங்கே புதுசாக நெய்வது. ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப நாள் கூடியிருந்தால் அந்த நூலில் போய் ஒட்டி விறைக்க வைக்கிறது. நெசவு நேராக விழாது.

இரண்டாவது, கடைமடை. கண்மாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே? வயிற்றுத் தோலைக் குறைக்கிற ஆபரேஷனில், அடிவயிற்றிலிருந்து மேலே வரைக்கும் தோலையும் கொழுப்பையும் பெயர்த்து, கீழே இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைக்கிறார்கள். வழக்கமாக ரத்தம் வந்த பல வாய்க்கால் அதில் அறுபட்டுப்போகும். தையல் போட்ட ஓரம்தான் கடைமடை. சர்க்கரை ஏற்கெனவே சின்ன ரத்தக் குழாய்களைக் கெடுத்து வைத்திருந்தால், அந்த ஓரத்துக்கு ரத்தம் எட்டாமல் தோல் கறுத்துச் செத்துப்போகலாம். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, காவல். கிருமி வந்தால் பாய்ந்து விழுங்க வேண்டிய வெள்ளையணு, சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் மந்தமாகிவிடும். அதே சர்க்கரை கிருமிக்கு விருந்து. உணர்ச்சி நரம்பு மரத்துப்போன ஆளுக்குச் சீழ் பிடித்தாலும் வலி சீக்கிரம் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆபரேஷனே உடம்புக்கு ஒரு அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியில் சுரக்கிற ஹார்மோன்கள் சுகரை மேலே தூக்கும். ஏற்கெனவே 235இல் இருப்பவருக்கு அது எங்கே போய் நிற்கும்? சரி, இன்சுலினைப் போட்டு அடித்துவிடலாம் என்றால், அளவு தவறி இறங்கினாலும் ஆபத்து. முழித்திருக்கிற ஆளுக்கு வேர்க்கும், கை நடுங்கும், ஒரு மிட்டாயைப் போட்டுக்கொள்ளலாம். மயக்கத்தில் கிடக்கிறவர் யாரிடம் சொல்வார்?

இதெல்லாம் நேற்று கண்டுபிடித்த சங்கதி இல்லை. ‘பிளாஸ்டிக் சர்ஜரிக்கே நம்ம சுஸ்ருதர்தான் தகப்பனார்’ என்று மேடையில் மார்தட்டுகிறோமே, அந்த சுஸ்ருத சம்ஹிதையில் அறுபட்ட மூக்கைத் தோல் வைத்து ஒட்டும் முறை இருப்பது வாஸ்தவம். அதே நூலில், மதுமேகம் உள்ளவர்களுக்குக் காயம் சுலபத்தில் ஆறாது என்றும் எழுதியிருக்கிறது. முதல் சேதியை மட்டும் போஸ்டர் போட்டுவிட்டு இரண்டாவதை மறைத்துவிட்டோம்.

சர்க்கரை முக லட்சணம் பார்த்து வருவதும் இல்லை. 1977இல் எம்.ஜி.ஆரை எம்.எல்.ஏ. ஆக்கி அனுப்பியது எங்கள் அருப்புக்கோட்டைதான். அந்தத் தொகுதியின் உறுப்பினராகத்தான் முதல்முறை முதல்வர் ஆனார். அந்த முகத்தை விட அழகான முகம் எங்கள் ஊர் சுவர்களில் ஒட்டப்பட்டதே இல்லை. அவரையே சர்க்கரை விடவில்லை. 1984இல் சிறுநீரகம் பழுதாகி, அப்போலோவிலிருந்து நியூயார்க் புரூக்ளின்வரை கொண்டுபோய், மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். தமிழ்நாடே கோயில் கோயிலாக வேண்டிக்கொண்ட கதை வயதில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். அந்த வரம்பில் கால் வைக்கப் போகிறவர்கள் இன்னொரு 13 கோடிப் பேர். ஆக, அந்த நோட்டீஸின் ‘உம்’ ஏதோ நாலு பேருக்கு எழுதியதில்லை. அது ஒரு பெரிய மார்க்கெட்டைக் குறிவைத்து எழுதிய ‘உம்’.

சரி, டாக்டர் வேண்டாம் என்றால் வேறு டாக்டர் என்று போவது நம் ஊர் வழக்கம் மட்டும்தானா? 2007 நவம்பரில் அமெரிக்காவில் பாடகர் கான்யே வெஸ்ட்டின் தாயார் டோண்டா வெஸ்ட் இறந்துபோனார். படித்தவர், பேராசிரியராக இருந்தவர், வயது 58. கொழுப்பு உறிஞ்சுவதும் மார்பகத்தைக் குறைப்பதுமாக ஆபரேஷன் செய்துகொண்ட மறுநாள் சாவு. அவருக்கு இதய ரத்தக் குழாய் நோய் இருந்தது பிறகு தெரிந்தது. முன்னாலேயே அவரைப் பார்த்த இன்னொரு சர்ஜன், ‘உடல்நிலைச் சான்று வாங்கி வாருங்கள் என்று சொன்னேன், திரும்ப வரவில்லை’ என்றார். 2009இல் கலிபோர்னியா மாநிலம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. உடம்பைப் பரிசோதித்து, எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் அழகு ஆபரேஷன் கூடாது என்பது சட்டம். கையெழுத்துப் போட்ட கவர்னர் யார் தெரியுமா? உடம்பை வைத்தே பேர் வாங்கிய அர்னால்டு ஷ்வார்ஸ்நேகர்.

இங்கே? 2016இல் சென்னையில் முடி நடப்போன ஒரு மருத்துவ மாணவரே உயிரோடு திரும்பவில்லை. 2022 மே மாசம் பெங்களூரில் கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ், 21 வயது, கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் போய் இறந்தார். அந்த வருஷம் செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ‘யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு இந்த மாதிரி சிகிச்சையில் இறங்கக் கூடாது’ என்று டாக்டர்களுக்கே சொல்ல வேண்டியிருந்தது! இவை சர்க்கரையால் வந்த சாவுகள் என்று நான் சொல்லவில்லை. அழகு ஆபரேஷன், பியூட்டி பார்லர் சமாசாரம் இல்லை, ஆபரேஷன்தான் என்று சொல்கிறேன்.

நோட்டீஸைப் பற்றியும் விதி இருக்கிறது. நோயாளியை விளம்பரம் போட்டு இழுக்கக் கூடாது என்று 2002ஆம் வருஷத்து டாக்டர்கள் நெறிமுறையில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1954இலேயே மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிராக ஒரு மத்திய சட்டம் வந்தது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத சங்கதிகளின் பட்டியல் அதில் உண்டு. நீரிழிவு இருக்கிறது, உடல் பருமன் இருக்கிறது, மார்பக அமைப்பு இருக்கிறது, ஆள் உயரம்கூட இருக்கிறது. எழுபது வருஷத்துக்கு முன்னால் பட்டியல் போட்டவருக்கு நம் பலவீனம் எல்லாம் அத்துப்படி.

இத்தனையும் சொன்னபிறகு நியாயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மதினி என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்.

எங்கள் பெரியப்பா ஒருத்தர் திருச்சுழிக்காரர். விஷயம் கேள்விப்பட்டு, “ரமணர் பொறந்த மண்ணுல இருந்துக்கிட்டு இந்த ஒடம்புக்கு இம்புட்டு ஆசையா?” என்றார். மதினி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார்: “நம்ம ஊரு சாமி பேரே திருமேனிநாதர்தான மாமா. சாமிக்கே மேனி வேணும்போது எனக்கு வேணாமா?” பெரியப்பா வாயடைத்துப்போனார்.

வாஸ்தவம்தானே? 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக மார்பக அழகு ஆபரேஷன் என்று அறிவித்தபோது, வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை கிண்டல் செய்தன. பணக்காரி செய்தால் தன்னம்பிக்கை, ஏழை செய்தால் கொழுப்பா? ஆசைப்படுவதற்கு வருமானச் சான்றிதழ் கேட்கிற புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? நோட்டீஸைப் பார்த்ததும் நான் சிரித்தேனே, அதுவும் இதே ஜாதிதான்.

அந்த நம்பரும் தெய்வ வாக்கில்லை. எத்தனைக்குக் கீழே இருந்தால் கத்தி வைக்கலாம் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் முடிந்தவரை 8க்குக் கீழே என்பது அமெரிக்கச் சங்கத்தின் யோசனை. பிரிட்டனில் 8.5 வரை ஏற்கிறார்கள். அழகுக்காகச் செய்வதென்றால் 7 வாக்கில் வந்தால்தான் தொடுவேன் என்கிற சர்ஜன்களும் உண்டு. அவசரமே இல்லாத காரியத்துக்கு அவசரப்படுவானேன் என்பது அவர்கள் கட்சி. ஆபரேஷன் அன்றைக்கு 100க்கும் 180க்கும் நடுவில் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள்.

ரத்தசோகை இருந்தால் பாஸ்புக்கே தப்பாக என்ட்ரி காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் ஹெச்.பி.ஏ.1.சி. உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் நேர்மாறாகவும் காட்டலாம். நம் பெண்களில் பாதிப் பேருக்குச் சோகை. ஆகவே, நம்பரை மட்டும் பார்த்துத் துரத்துவதும் தப்பு, நம்பரையே பார்க்காமல் படுக்க வைப்பதும் தப்பு.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மறைக்கவே கூடாது. ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிகிற சுகர் மாத்திரைகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் சுகர் சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறி ஆளைக் கவிழ்த்துவிடும். இப்போது பிரபலமாகியிருக்கிற எடைக் குறைப்பு ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்; மயக்க டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும். மதினி மாதிரி புருஷன் மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும்விட ஆபத்து.

மதினி என்ன செய்தார்? முதலில் அட்வான்ஸைக் கேட்டார். ‘மேடம், அது திரும்பக் கொடுக்கிற தொகையில்லை’ என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்தப் பதினைந்தாயிரம் போனது போனதுதான்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டார். ஜாக்கெட் அளவு எழுதுகிற மாதிரி தினமும் சுகரை எழுதினார். ராத்திரிச் சோற்றைக் குறைத்தார். எங்கள் கரிசலில் விளைகிற குதிரைவாலிதான், அதுவும் அளவோடு. குதிரைவாலி என்பதற்காக மூணு தட்டு சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். விடிகாலையில் நடை. தன் மாத்திரையை மட்டும், டாக்டர் மாற்றிக் கொடுத்தபடி, விடாமல். சோகைக்கும் தனியாக மாத்திரை. கார்த்திகையில் பாஸ்புக் 7.3 காட்டியது.

மறுபடி அதே மதுரை டாக்டர். இந்தத் தடவை நோட்டைப் புரட்டிப் பார்த்து, இருபது நிமிஷம் பேசினார். “இவ்வளவு ஒழுங்கா எழுதிட்டு வந்தவங்க ரொம்பக் கம்மிம்மா” என்றாராம். அன்றைக்கு ராத்திரி போனில் மதினி குரலைக் கேட்டிருக்க வேண்டும். தையில் ஆபரேஷன் நடந்தது. ஒரு ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் ஆற மற்ற இடத்தைவிடப் பத்து நாள் கூடுதலாகப் பிடித்தது. 7.3க்கே இப்படி. 9.8இல் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் என்னிடம் கேட்டார். எனக்கும் அவருக்கும் அதற்குமேல் பேச்சு ஓடவில்லை.

இந்த ஆடியிலும் அதே நோட்டீஸ் வந்திருக்கிறது. அதே முன், அதே பின், அதே ‘உம்’. விமர்சகன் என்கிற முறையில் நடு வரியில் ஒரு சின்னத் திருத்தம் சொல்லி முடிக்கிறேன்: ‘சர்க்கரை உள்ளவர்கள், மூணு மாசக் கணக்கைக் கையில் கொண்டுவந்தால், செய்துகொள்ளலாம்.’ வியாபாரம் கொஞ்சம் படுக்கும். ஆள் படுக்காது.

நான் போனபோது மதினி அந்த வழவழத் தாளைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் யாருக்கோ ஜாக்கெட் அளவு குறித்துக்கொண்டிருந்தார்.